நைகான்: மூன்றே கேள்விகளில் சுயபரிசோதனை

"உன்னை நீயே கொஞ்சம் சுயபரிசோதனை செய்துகொள்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். சரி, எப்படிச் செய்வது என்று திருப்பிக் கேட்டால் சொன்னவரே முழிப்பார். ராத்திரி மல்லாந்து படுத்துக்கொண்டு 'நான் நல்லவனா, என் வாழ்க்கை ஒழுங்காகத்தான் போகிறதா' என்று யோசிக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். அலுவலகத்தில் நம்மை மட்டம் தட்டியவனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதிலை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்போம், இல்லையென்றால் 'நான் எதற்குமே லாயக்கில்லை' என்று சுருண்டு கிடப்போம். முதலாவது வழக்காடுவது, இரண்டாவது புலம்புவது. பரிசோதனை என்று சொல்ல இரண்டிலுமே எதுவும் இல்லை.

இதற்கு ஜப்பானில் ஒரு முறை இருக்கிறது, பெயர் நைகான். உள்ளே பார்ப்பது என்று பொருள். உங்கள் வாழ்க்கையில் உள்ள ஒரு ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும், அனேகமாக முதலில் அம்மா. ஒரு காலகட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், உதாரணமாக ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. அந்த ஆளையும் அந்தக் காலத்தையும் வைத்து மூன்று கேள்விகள்:

இவரிடமிருந்து நான் பெற்றது என்ன?

இவருக்கு நான் செய்தது என்ன?

இவருக்கு என்னால் வந்த தொல்லை என்ன?

அவ்வளவுதான். நாலாவதாக ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்: இவரால் எனக்கு வந்த தொல்லை என்ன? அது இந்த முறையில் கிடையாது, தெரிந்தே விட்டுவிட்டார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்ததும் கொஞ்சம் பயமுறுத்துவதும் அந்த இல்லாத கேள்விதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை உருவாக்கியவர் யோஷிமோட்டோ இஷின் (1916–1988), நாரா மாநிலத்தில் யமாட்டோ கோரியாமா என்ற ஊர்க்காரர். மருத்துவரோ உளவியல் படித்தவரோ இல்லை, செயற்கைத் தோல் வியாபாரம் செய்தவர். ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவில் ஆழ்ந்த பிடிப்பு உள்ளவர். அந்தப் பிரிவுக்குள் இருந்த ஒரு சிறு கூட்டத்தில் மிஷிராபே என்று ஒரு முரட்டுப் பயிற்சி இருந்தது. சோறு, தண்ணீர், தூக்கம் மூன்றையும் விட்டுவிட்டு தனியாக அடைந்துகொண்டு, 'இந்த நிமிடம் செத்தால் என் கதி என்ன' என்ற நினைப்போடு இதுவரை செய்ததையெல்லாம் தோண்டித் தோண்டிப் பார்ப்பது. யோஷிமோட்டோ சில தடவை முயன்று முடியாமல் வெளியே வந்து, விடாமல் மறுபடி உட்கார்ந்து, 1937ல் அதை முடித்தார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்.

முடித்த பிறகு அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். இப்படிப்பட்ட தெளிவு பட்டினி கிடக்கத் துணிந்த நாலு பேருக்கு மட்டும் கிடைத்தால் போதாது என்று நினைத்தார். அதனால் பட்டினியை எடுத்தார், தூக்கத்தைக் கெடுப்பதை எடுத்தார், மதச் சடங்கு மாதிரி இருந்ததையெல்லாம் கழித்துவிட்டார். 1953ல் சொந்த ஊரில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே சிறைகளிலும் சிறார் சீர்திருத்த நிலையங்களிலும் நைகான் நுழைந்துவிட்டது, பிற்பாடு குடிப்பழக்க சிகிச்சைக்கும் போனது. கேள்விகள் இன்று இருக்கும் இந்த மூன்று வரிக்குச் சுருங்கி வரத்தான் இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

முழு நைகான் ஒரு வாரம் நடக்கும். அறையின் மூலையில் ஒரு மடக்குத் திரையை நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். விடிகாலையிலிருந்து இரவு ஒன்பது மணி வரை அங்கேயேதான். சாப்பாடு திரைக்குப் பின்னாலேயே வந்துவிடும். பேச்சு, புத்தகம், போன் எதுவும் கிடையாது. தியானம் மாதிரி மூச்சைக் கவனிப்பதோ மனதை வெறுமையாக்குவதோ இல்லை, நினைவுபடுத்துவது மட்டும்தான் வேலை. ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வழிகாட்டி வருவார், திரைக்கு வெளியே குனிந்து வணங்குவார், திரையை விலக்குவார், மறுபடி வணங்குவார். "இந்த நேரத்தில் யாரைப் பற்றி, எந்தக் காலத்தைப் பற்றிப் பார்த்தீர்கள்?" என்று கேட்பார். மூன்று கேள்விக்கும் பதிலைச் சில நிமிடங்களில் சொல்ல வேண்டும். அவர் ஆறுதல் சொல்ல மாட்டார், விளக்கம் கொடுக்க மாட்டார், 'ஏன் அப்படிச் செய்தீர்கள்' என்று குடைய மாட்டார். அடுத்து யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லி, வணங்கிவிட்டுப் போய்விடுவார். அம்மா முடிந்தால் அப்பா, அப்புறம் உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், மேலதிகாரி என்று போகும்.

அந்தச் சில நிமிடங்களில் என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் திணறுவார்கள். "அம்மா என்னைப் பாசமாக வளர்த்தாங்க" என்பது நைகானில் பதிலே ஆகாது. பாசம் என்பது நம் தீர்ப்பு. என்ன நடந்தது என்பதுதான் வேண்டும். "நாலாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது அம்மா பத்துப் பதினைந்து நாள் வேலைக்குப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக் கொடுத்தார், அந்த மாதம் கூலி பாதிதான் வந்தது" என்பது பதில். "அம்மாவுக்கு நிறைய உதவி செய்தேன்" என்பதும் அதே மாதிரி செல்லாது. என்ன உதவி? கடைக்குப் போனேன். சரி, மிச்சக் காசு? அதில் தேன் மிட்டாய் வாங்கித் தின்றேன், கேட்டபோது கடைக்காரர் தரவில்லை என்றேன். அப்போ அது மூன்றாவது கேள்விக்குப் போகிறது.

இந்த முறையின் பாதி பலம் இந்தக் கறார்தனத்தில்தான் இருக்கிறது என்பேன். 'நான் எப்படிப்பட்டவன்' என்று கேட்டால் மனசு ஒரு அழகான கட்டுரை எழுதிக் கொடுத்துவிடும். 'செவ்வாய்க்கிழமை அவருக்கு என்ன செய்தாய்' என்று கேட்டால் கட்டுரை எழுத முடியாது, ஒன்று இருக்கும் அல்லது இருக்காது.

இதோடு சேர்த்து இன்னொரு பயிற்சியும் உண்டு, வளர்ப்புச் செலவைக் கணக்குப் போடுவது. பிறந்ததிலிருந்து சொந்தக்காலில் நிற்கும்வரை பெற்றோர் நமக்காகச் செலவழித்ததை வரி வரியாக எழுதிக் கூட்ட வேண்டும். பள்ளிக் கட்டணம், சீருடை, டியூஷன், ஊசி மருந்து, சைக்கிள், காலேஜில் நாம் 'எல்லாரும் வச்சிருக்காங்க' என்று அடம்பிடித்து வாங்கிய போன். கொஞ்சம் வியாபாரித்தனமாகத் தெரியலாம், 'பாசத்துக்குப் போய் விலை போடுவதா' என்று கோபம்கூட வரலாம். ஆனால் அந்தக் கோபத்துக்கு முன்னால் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டைப் பதினெட்டு இருபது வருடத்துக்குப் பெருக்கும் இடத்திலேயே பேனா நின்றுவிடும். குடிப்பழக்கத்திலிருந்து வெளியே வர முயல்கிறவர்கள் குடிக்குப் போன பணத்தையும் இதே மாதிரி எழுதிப் பார்ப்பதுண்டு.

இப்போது அந்த நாலாவது கேள்வி. அதை விட்டதற்கான காரணம் எளிமையானது: அடுத்தவர் நமக்குச் செய்த தொல்லையைக் கணக்கெடுக்க நமக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. கல்யாணத்தில் பந்தியில் யார் நம்மைக் கவனிக்காமல் போனார்கள் என்பது இருபது வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நமக்கு இலை போட்டு, பரிமாறி, எச்சில் இலை எடுத்தவர்களில் ஒரு முகம்கூட நினைவில் இருக்காது. பெரிய மனக்குறை உள்ள ஒரு சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், தேதி வாரியாகச் சொல்வார். அந்தப் பேரேடு எப்போதும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எழுதப்படாமல் கிடக்கிற மற்ற மூன்றையும் உட்கார்ந்து எழுது என்பதுதான் நைகான்.

அடுத்தவர் செய்ததை நாம் மறப்பதற்கு நன்றிகெட்டதனம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். 1979ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள்: வீட்டு வேலைகளில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில், இப்படி ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் சொன்ன பங்கையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போனது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நான் பாத்திரம் தேய்த்தபோது என் கை வலித்தது, அதனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் தேய்த்தபோது நான் அந்த இடத்திலேயே இல்லை. சண்டை மூட்டுவது மாதிரியான பெருமைப்பட முடியாத விஷயங்களிலும் இந்தப் போக்கு தெரிந்தது என்பதைப் பார்த்தால், வெறும் பீற்றல் மட்டும் காரணமில்லை, ஞாபகம் வேலை செய்யும் விதமே அப்படி என்று புரியும். ஆகவே சும்மா 'நியாயமாக யோசித்துப் பார்' என்று சொன்னால் பலன் வராது. யோசிக்கிற தலைக்குள் இருக்கும் தகவலே ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கிறது.

சுயபரிசோதனை என்றதும் வழக்கமாகக் காட்டப்படும் வேறு இரண்டு பேரை இதோடு வைத்துப் பார்க்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த தத்துவஞானி செனெகா, இரவு விளக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு, தன் பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்தியதும், அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் விசாரணை செய்வேன் என்று எழுதியிருக்கிறார். அந்த வாக்குவாதத்தில் தேவைக்கு மேல் காரமாகப் பேசிவிட்டாய், இனிமேல் அப்படிச் செய்யாதே, இந்தத் தடவை மன்னித்தேன், இந்த மாதிரி. பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டு, சின்ன நோட்டில் கட்டம் கட்டி, தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக்கவனம், பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. பொருட்களை அதனதன் இடத்தில் வைப்பது, வேலையை நேரத்துக்குச் செய்வது என்ற ஒழுங்குதான் அவரைக் கடைசிவரை படுத்தியிருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு அந்த மனுஷர் மேல் ஒரு பிரியமே வந்தது.

இரண்டும் நல்ல முறைகள்தான். ஆனால் இரண்டிலும் கேள்வி 'நான் நேற்றைவிடத் தேறினேனா' என்பது, நடுவில் நிற்பவன் நானே. நைகானில் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அம்மா நின்ற இடத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். அன்றைக்கு அவருக்கு என்னால் என்ன வந்தது, என்ன போனது? என் நோக்கம் நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. நான் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வராததால் ராத்திரி பதினொரு மணி வரை அவர் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், பஸ் கிடைக்கவில்லை என்பது எனக்குக் காரணம், அவருடைய பசிக்கு அது பதில் இல்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்கிறார் யோஷிமோட்டோ. இருக்கிற நேரத்தில் முதல் இரண்டுக்கும் தலா 20 சதவீதம், மிச்சம் 60 சதவீதமும் இதற்கு. கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போது மனசு எல்லாத் திசையிலும் நழுவும். 'நான் தாமதமாகப் போனேன், ஆனா அவங்களும்தான்...' என்று ஆரம்பித்த உடனே நாலாவது கேள்விக்குள் நுழைந்துவிட்டோம் என்று அர்த்தம். 'அவங்க அதைப் பெருசா எடுத்துக்கல' என்பது இன்னொரு நழுவல், அது நமக்கு எப்படித் தெரியும்? முதல் கேள்வியிலும் இப்படி ஒன்று உண்டு: 'சமைச்சுப் போடறது அவங்க கடமைதானே', 'சம்பளம் வாங்கிட்டுத்தானே வேலை செய்றாங்க'. கடமையாகவே இருக்கட்டும், முகம் சுளித்துக்கொண்டே செய்ததாக இருக்கட்டும், சாப்பிட்டது நான். கேள்வி அதை மட்டும்தான் கேட்கிறது.

சரி, இதெல்லாம் குற்ற உணர்ச்சியை ஊதிப் பெருக்குகிற வேலைதானே என்று உங்களுக்குத் தோன்றினால், அது நியாயமான சந்தேகம். மூன்றாவது கேள்வி மட்டும் இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். முதல் கேள்வி பக்கத்திலேயே இருப்பதால் வேறு ஒன்று நடக்கிறது: இவ்வளவு தொல்லை கொடுத்த என்னை இவர்கள் இவ்வளவு பார்த்துக்கொண்டார்களே என்று இரண்டும் சேர்ந்து வருகிறது. அதைக் குற்ற உணர்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அப்புறம், உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டு ஆராய்ந்து காட்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி, நான் ஏன் இப்படி இருக்கேன்' என்று ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி யோசிப்பது மனச்சோர்வைக் குறைக்காது, நீட்டிக்கத்தான் செய்யும். நைகானில் 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள், மூன்றுமே 'என்ன'.

ஆனாலும் எல்லோருக்கும், எல்லா ஆள்மீதும் இதைச் செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அடித்துத் துன்புறுத்திய அப்பா, பாலியல் கொடுமை செய்த உறவினர், கைநீட்டுகிற கணவன், இவர்களை வைத்து 'என்னால் இவருக்கு வந்த தொல்லை என்ன' என்று தனியாக உட்கார்ந்து யோசிப்பது கொடுமைக்கு மேல் கொடுமை. அங்கே நாலாவது கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது, அதுவும் துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு. கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நிறையப் பெண்கள் மூன்றாவது கேள்வியைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், சாம்பாரில் உப்பு கூடினால்கூட தன்மேல் குற்றம் என்று வளர்க்கப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் அந்த 60 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இரண்டாவது கேள்விக்குத் திருப்பிவிட்டால் தப்பில்லை என்பது என் கருத்து. 'இவருக்கு நான் செய்தது என்ன' என்று ஒரு வாரம் விடாமல் எழுதிப் பார்க்கட்டும், யாருமே எழுதாத கணக்கு அது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தினசரி நைகான். இரவில் ஒரு இருபது முப்பது நிமிடம், அன்றைய நாளை மட்டும் எடுத்து மூன்று கேள்விக்கும் எழுதுவது. காலையில் பால் பாக்கெட் போட்டவரிலிருந்து ஆரம்பிக்கலாம், நெரிசல் பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தவர், நம் தப்பை மேலதிகாரிக்குப் போகும் முன் திருத்தி அனுப்பிய பக்கத்து மேசைக்காரர் என்று வரும். இரண்டாவது, ஒரே ஆளை எடுத்துக்கொண்டு மூன்று மூன்று வருடமாகப் பிரித்து வாரம் ஒரு தடவை உட்கார்வது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இப்போது சண்டையில் இருக்கும் ஆளை முதலில் எடுக்காமல் இருப்பது நல்லது, எழுதுவது எல்லாம் வாதமாகப் போய்விடும். போனில் தட்டுவதைவிட நோட்டில் கையால் எழுதுங்கள், வேறு எதற்காகவும் இல்லை, போனை எடுத்தால் வேறு எங்காவது போய்விடுவோம்.

முதல் சில நாட்கள் முதல் கேள்விக்குக்கூட ஒன்றுமே வராது. 'ஆறு வயசுல என்ன நடந்ததுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு' என்றுதான் தோன்றும். இடத்தைப் பிடித்துக்கொண்டு போவது உதவும். அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், அடுப்பு எங்கே இருந்தது, பள்ளிக்கு யார் கூட்டிக்கொண்டு போனார்கள், மழைக்காலத்தில் துணி எங்கே காயும், அதை யார் துவைத்தார்கள்? துவைத்தவர் என்று வந்தவுடன் ஒரு பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பின்னாலேயே மழையில் சேறாக்கிக்கொண்டு வந்த சீருடையும் வரும், அதை மூன்றாவது பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

எழுதியதை அந்த ஆளிடம் காட்ட வேண்டுமா, போன் போட்டு மன்னிப்பு கேட்க வேண்டுமா என்றால், முறை அப்படி எதையும் விதிக்கவில்லை. கேட்கத் தோன்றினால் கேட்கலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரியே, உணர்ச்சி பொங்கிய கையோடு, வயதான அம்மாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அரைமணி நேரம் அழ வேண்டாம். மறுநாள் காலையில் கூப்பிட்டு, மாத்திரை தீர்ந்துவிட்டதா, கண் ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதிக்கு லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம்.